விட வேண்டிய ரேஸ்கள்: முந்தைய நாள் இரவின் வேலை

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரேஸ் மைதானம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து ரேஸ் பார்க்கக் கிளம்புகிறவர் எங்கே போனாலும் ஓர் இரவை ரயிலில் கழித்தாக வேண்டும். எங்கள் சித்தப்பா காலத்தில் அந்தப் பயணம் கிண்டிக்கு. 1777 முதல் குதிரை ஓடிய இடம் அது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் தொடங்கியது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்துசெய்து, 160 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்துக்குப் பூட்டுப் போட்டது. அதே ஆண்டு ஜூனில் ஊட்டி மைதானமும் வாடகைப் பாக்கிக்காக அரசின் கைக்குப் போனது. அதனால் இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பெங்களூர் டர்ஃப் கிளப்பின் ஒரு சனிக்கிழமை. நாகர்கோவிலில் சாயங்காலம் ஏறினால் மதுரை, சேலம் வழியாக மறுநாள் காலை பெங்களூரில் இறங்கலாம். அங்கிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை ஆட்டோ தூரம்தான்.

தூரத்திலிருந்து வருகிறவருக்கென்று ஒரு நோய் உண்டு. பெங்களூர்க்காரர் நான்கு ரேஸ் சும்மா பார்த்துவிட்டு ஐந்தாவதில் ஒரு சீட்டு வாங்குவார். அதுவும் சரியில்லையென்றால் வீட்டுக்குப் போய்விடுவார், அடுத்த வாரம் வருவார். நம்மூர்க்காரர் அப்படியில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு கைய கட்டிட்டு இருக்கதுக்கா வந்தோம்?" என்று முதல் ரேஸிலேயே தொடங்கிவிடுவார். ஏழு ரேஸ் இருந்தால் ஏழிலும் பணம் கட்டுவார். நானும் சில வருடங்கள் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை ஐந்தாவது ரேஸ் முடிந்தபோது கையில் இருந்தது திரும்பி வருவதற்கான பணம் மட்டும். ஆறாவது ரேஸில் அதையும் கட்டினேன். ஊருக்கு வர ஒரு நண்பரிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. அந்த இரவு பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு வந்தபோது ரேஸ் புத்தகத்தை மறுபடி புரட்டிப் பார்த்தேன். நான் கட்டிய ஆறில் நான்கு, கட்டவே கூடாத ரேஸ்கள். அது முந்தைய நாள் இரவே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ரயிலில் போகும் அந்த இரவு நமக்குக் கிடைத்த பெரிய வசதி. உள்ளூர்க்காரருக்கு இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்காரக் கிடைக்காது. வள்ளியூர் தாண்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, விளக்கு அணையும்வரை வேலை செய்யலாம். ஜெயிக்கும் குதிரையைத் தேடுவது அந்த வேலையில் கடைசிப் பங்குதான். எந்த ரேஸையெல்லாம் விடலாம் என்று பார்ப்பதே முதல் பங்கு, பெரிய பங்கும் அதுவே.

முதல் வாசிப்பு

கையில் மூன்று பொருள் வேண்டும். ஒன்று, அந்த நாளுக்கான ரேஸ் கார்டு, அதாவது எந்த ரேஸில் எந்தக் குதிரை, யார் ஜாக்கி, எவ்வளவு எடை என்ற பட்டியல். கிளப்பின் இணையதளத்திலேயே கிடைக்கும். அச்சிட்டுக்கொள்ளுங்கள். போன் திரையில் இந்த வேலை ஓடாது. இரண்டு, கடந்த இரண்டு மாத முடிவுகள். மூன்று, ‘தி இந்து’ நாளிதழின் விளையாட்டுப் பக்கம். அதில் ரேஸ் முன்னோட்டமும் காலைப் பயிற்சி விவரமும் பல காலமாக வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ரேஸுக்கும் மூன்று குதிரை, கடைசியில் ‘டேஸ் பெஸ்ட்’ என்று ஒன்று, டபுளுக்கு இரண்டு என்று போட்டிருப்பார்கள். அதை முதலில் படிக்காதீர்கள். உங்கள் வேலை முடிந்தபிறகு படியுங்கள். முன்னாலேயே படித்தால் கண் அதே குதிரைகளைத்தான் சுற்றிச்சுற்றி வரும்.

பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ரேஸின் தலைப்பு வரியையும் படியுங்கள். குதிரைப் பெயர்கள் இப்போது வேண்டாம். எத்தனை மீட்டர், என்ன வகுப்பு, எத்தனை குதிரை, இவ்வளவே.

இதுவரை ஜெயிக்காத குதிரைகளுக்கான ரேஸ், அதிலும் பாதிக் குதிரைகள் முதல்முறை ஓடுகின்றன என்றால் குறுக்கே கோடு போடுங்கள். முதல்முறை ஓடும் குதிரையைப் பற்றி டிரெய்னருக்கும் முதலாளிக்கும் தெரிந்தது நமக்குத் தெரியாது. நமக்குக் கிடைப்பது வம்சாவளியும் காலைப் பயிற்சி நேரமும் மட்டும். அப்பன் குதிரை நல்ல குதிரை என்பதால் பிள்ளை பன்னிரண்டு குதிரைகளுக்கு நடுவே பயப்படாமல் ஓடும் என்று சொல்ல முடியாது.

கடைசி வகுப்பு, பதினான்கு குதிரை, 1200 மீட்டர். இதற்கும் கோடு. அந்த வகுப்பில் இருப்பவை ஒரு நாள் ஓடி மூன்று நாள் ஓடாத குதிரைகள். நம்பத்தகுந்த பழைய ஓட்டம் எதற்கும் இருக்காது. கூட்டத்தில் இடித்து, வழி அடைபட்டு, ரேஸ் முடிந்துபோகும். நாளின் கடைசி ரேஸ் பல நேரம் இப்படிப்பட்டதாகவே அமையும். விட்டதைப் பிடிக்க நினைக்கிறவர்கள் அதில்தான் கட்டுவார்கள்.

நான்கைந்து குதிரை மட்டும் ஓடி, அதில் ஒன்று மிக வலுவாக இருந்தால் பாருங்கள், ரசியுங்கள், பணம் கட்டாதீர்கள். அந்தக் குதிரை ஜெயிக்கும். ஆனால் நூறு கட்டினால் நாற்பது ஐம்பதுதான் லாபமாக வரும். அந்த லாபத்தை வரி விழுங்கிவிடும். அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிக் கோடு போட்டபின் ஏழில் இரண்டு அல்லது மூன்று மிஞ்சும். நடுத்தர வகுப்பு, எட்டு முதல் பத்து குதிரை, அவற்றில் பெரும்பாலானவை கடந்த இரண்டு மாதத்துக்குள் ஓடியவை, சில ஒன்றோடொன்று மோதியவை. நமக்கு வேண்டியது இதுதான். ஒன்றுமே மிஞ்சாத நாளும் உண்டு. அன்றைக்கு ரேஸ் பாருங்கள், கப்பன் பார்க் போங்கள், மசால் தோசை சாப்பிடுங்கள். பயணம் வீண் ஆகாது.

எடையும் நீளமும்

மிஞ்சிய ரேஸை இனி ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். நம்நாட்டு ரேஸ்களில் அதிகமானவை ஹேண்டிகேப் வகை. நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடை, சுமாராக ஓடும் குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பது எடை போடுகிற அதிகாரியின் ஆசை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் எண் இருக்கும். ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ என்பது பொதுவான கணக்கு. ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தொடர்ந்து தோற்றால் இறங்கும். எடை என்பது ஜாக்கியின் உடல் எடையும் சேணமும் சேர்ந்தது. போதாவிட்டால் ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டே காட்டுகிறேன். 1200 மீட்டர், ரேட்டிங் 40 முதல் 60 வரை, ஒன்பது குதிரை. பெயர் வேண்டாம், எண்களால் சொல்கிறேன்.

ஒன்றாம் எண்: ரேட்டிங் 60, எடை 60 கிலோ. மூன்று வாரத்துக்கு முன் இதே தூரத்தில் ஜெயித்தது.

நான்காம் எண்: ரேட்டிங் 53, எடை 56.5 கிலோ. அதே ரேஸில் ஒன்றே முக்கால் குதிரை நீளத்தில் இரண்டாவதாக வந்தது. அன்றைக்கு இரண்டுக்கும் எடை வித்தியாசம் ஒரு கிலோதான்.

ஏழாம் எண்: ரேட்டிங் 45, எடை 52.5 கிலோ. பயிற்சி ஜாக்கி ஏறுவதால் 2.5 கிலோ சலுகை போக 50. ஆறு மாதமாக ஓடவில்லை. ஆனால் காலைப் பயிற்சியில் நேரம் பிரமாதம் என்று எல்லோரும் பேசுகிறார்கள்.

இப்போது கணக்கு. குறுகிய தூரத்தில் ஒன்றரைக் கிலோ ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. தூரம் கூடக்கூட எடையின் பாதிப்பும் கூடும். நீண்ட தூரத்தில் அதைவிடக் குறைந்த எடையே ஒரு நீளம் பேசும். நம் எடுத்துக்காட்டில் வித்தியாசம் ஒரு கிலோவிலிருந்து மூன்றரைக் கிலோவாகியிருக்கிறது. அதாவது நான்காம் எண்ணுக்கு இரண்டரைக் கிலோ சாதகம், ஒன்றே முக்கால் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. காகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் கோட்டைத் தொடும்.

இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். இதற்கு மேலேதான் வேலையே இருக்கிறது. அன்றைய ரேஸின் வீடியோவைப் பாருங்கள். நான்காம் எண் எப்படித் தோற்றது? கேட் திறந்ததும் தாமதமாகக் கிளம்பி, வளைவில் நாலு குதிரைக்கு வெளியே சுற்றி, கடைசி 200 மீட்டரில் எட்டிப் பிடிக்க வந்ததா? அப்படியானால் காகிதத்தில் இருக்கும் ஒன்றே முக்கால் நீளம் அதன் உண்மையான தோல்வி இல்லை. ஒரு விநாடியில் இந்தக் குதிரைகள் பதினாறு மீட்டர் போய்விடும், ஆறேழு நீளம். கேட்டில் கால் விநாடி தவறினாலே ஒன்றரை நீளம் போய்விட்டது. முடிவுப் பட்டியல் இதைச் சொல்லாது, வீடியோதான் சொல்லும். கூடவே இந்த முறை எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். வளைவு சீக்கிரம் வரும் தூரத்தில் உள்பக்க கேட் கிடைத்த குதிரைக்குச் சுற்று குறையும்.

ஏழாம் எண்ணைப் பற்றி. காலைப் பயிற்சி விவரங்களில் ‘இன்னர் சாண்ட், 600 மீட்டர், 39’ என்பது போல வரும். உள் மணல் பாதையில் கடைசி 600 மீட்டரை 39 விநாடியில் ஓடியது என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். ‘ஈஸி’ அல்லது ‘அன்எக்ஸ்டெண்டட்’ என்றால் விரட்டாமல் ஓடியது. ‘புஷ்டு’ என்றால் ஜாக்கி கையால் தள்ளி ஓட்டியது. விரட்டி 39 ஓடிய குதிரையைவிட, விரட்டாமல் 41 ஓடிய குதிரையை நான் மதிப்பேன். பயிற்சி மணலில், ரேஸ் புல்லில் என்பதையும் மறக்கக் கூடாது. தனியாக மணலில் பறக்கும் குதிரை, கூட்டத்தோடு புல்லில் அப்படி ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆறு மாத ஓய்வுக்குப் பின் வரும் குதிரைக்கு மாக் ரேஸ் ஏதாவது ஓடியிருக்கிறதா என்று தேடுங்கள். பணப் பந்தயம் இல்லாமல், கேட்டிலிருந்து கூட்டமாக ஓடவிட்டுப் பார்க்கும் ஒத்திகை அது. அதில் ஓடியிருந்தால் நம்பிக்கை கொஞ்சம் கூடும்.

மண்

வயலில் இறங்கி வளர்ந்தவருக்கு இந்தப் பகுதி எளிது. கும்பப்பூ நெல்லுக்கு உழுவதற்குமுன் குதிகாலை அழுத்தி மண்ணின் பதம் பார்ப்போம் இல்லையா, ரேஸ் மைதானத்தில் அதையே பெனிட்ரோமீட்டர் என்ற கருவி செய்கிறது. எடை ஒன்றை விழவிட்டு, கம்பி தரைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். எண் கூடினால் தரை இளக்கம். பெங்களூரில் கோடை சீசன் மே மாதத்தில் தொடங்கி மழைக்காலத்துக்குள் நீளும். முந்தைய இரவு நல்ல மழை பெய்தால் நீங்கள் ரயிலில் போட்ட கணக்கில் பாதி மாறிவிடும். இளகிய தரையில் நேரம் நீளும், எடை சுமக்கும் குதிரை சீக்கிரம் தளரும், பெரிய குளம்பும் நிதானமான ஓட்டமும் உள்ள குதிரைக்கு நல்லது. அந்தக் குதிரை இதற்குமுன் மழைநாளில் ஓடியிருக்கிறதா என்று பழைய முடிவுகளில் தேடுங்கள். ஓடியதே இல்லை என்றால் ஊகிக்காதீர்கள், ஒதுக்கிவிடுங்கள்.

கார்டிலேயே ‘ஃபால்ஸ் ரெயில்’ என்று ஒரு வரி இருக்கும். உள் ஓரத்துப் புல் தேயாமல் இருக்க வேலியை நாலைந்து மீட்டர் வெளியே தள்ளி வைப்பது. அன்றைக்கு ஓரப் பாதை புதுப் புல்லாக இருக்கும். முதல் இரண்டு ரேஸில் ஜெயித்த குதிரைகள் ஓரமாக வந்தனவா, நடுவில் வந்தனவா என்று கவனித்தால் மூன்றாவது ரேஸுக்கு அது உதவும். முதல் இரண்டு ரேஸில் பணம் கட்டாமல் இருப்பவருக்கே இதைக் கவனிக்கும் கண் இருக்கும்.

நடக்க விட்டுப் பார்

ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் குதிரைகளைப் பேடாக்கில் சுற்றி நடத்துவார்கள். கிளப் சீட்டு விற்கும் டோட் கவுண்டரில் வரிசையில் நிற்பதைவிட அங்கே வேலியோரம் நிற்பது நல்லது. எங்கள் பாட்டா உழவுமாடு வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். தரகன் மாட்டைப் பிடித்து நிறுத்தி, திமிலைத் தட்டி, பல்லைக் காட்டிப் பேசிக்கொண்டே இருப்பான். பாட்டா ஒன்றும் பேசமாட்டார். "நிக்க வச்சுப் பாக்காத மக்கா, நடக்க விட்டுப் பாரு" என்பார். பின்னங்கால் முன்னங்கால் பதிந்த இடத்தைத் தாண்டி விழுகிறதா என்றுதான் அவர் பார்ப்பார். குதிரைக்கும் அதே பார்வைதான். நீளமாக, தளர்வாக, பின்னங்கால் நன்றாக உள்ளே வந்து விழுகிற நடை. ரோமத்தில் எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பு. பின்தொடைகளில் தசைக்கோடு தெரிய வேண்டும், வயிறு தொங்கக் கூடாது. காது முன்னும் பின்னும் அமைதியாக அசைய வேண்டும். காது பின்னால் ஒட்டிக்கிடந்து, வால் சுழன்று, பின்னங்கால்களுக்கு நடுவில் வெள்ளை நுரையாக வேர்த்திருந்தால் ஓடுமுன்பே பாதி சக்தியைச் செலவழித்துவிட்ட குதிரை அது. கழுத்தில் மட்டும் கொஞ்சம் வேர்வை என்றால் பயப்பட வேண்டாம், பகல் வெயில் அப்படி.

நான் பேடாக்கைப் புதுக் குதிரை தேட வைத்துக்கொள்வதில்லை. இரவே தேர்ந்த குதிரையை விட வேண்டுமா என்று சோதிக்க மட்டும்தான். அழகாக நடக்கிற வேறொரு குதிரையைக் கண்டு மனம் மாறிக் கட்டிய பணத்தில் எனக்குத் திரும்பி வந்தது மிகக் குறைவு.

குதிரையைப் பராமரிக்கத் தெரியாமல் பாழாக்கிய கதையும் நம் பக்கத்தில் உண்டு. பாண்டியர் காலத்தில் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்துக்கு அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. தீனியும் பேணும் முறையும் தெரியாததால் அவை ஆண்டுதோறும் செத்துப்போனதை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பேடாக்கில் ஒவ்வொரு குதிரையின் பக்கத்திலும் நடக்கிற லாயக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அந்த மினுமினுப்பைக் கொண்டுவந்தவர் அவர்.

விலையும் வரியும்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

குதிரையைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி. அந்த விலைக்கு அதை வாங்கலாமா என்பது மறுபாதி. எடுத்துக்காட்டு ரேஸில் என் கணக்குப்படி ஜெயிக்கும் வாய்ப்பு நான்காம் எண்ணுக்கு 35 சதவீதம், ஒன்றுக்கு 20, ஏழுக்கு 20, மற்ற ஆறுக்கும் சேர்த்து 25. இந்த எண்களை இரவே எழுதிவிடுங்கள். மைதானத்தில் பந்தயம் வாங்கும் புக்கிகளின் விலைப் பலகையைப் பார்த்தபிறகு எழுதினால் அது உங்கள் கணக்காக இருக்காது.

இனி வரி. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். கட்டும் தொகை முழுவதன் மீதும் இந்த வரி விழுகிறது, லாபத்தின் மீது அல்ல. ஆகவே நூறு ரூபாய்ப் பந்தயத்துக்கு வரியோடு 140 செலவு என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

சரிக்குச் சரி விலையில் ஜெயித்தால் கைக்கு வருவது 200. போட்டது 140. முதல் தேறவே நூற்றுக்கு எழுபது முறை ஜெயிக்க வேண்டும். வரி இல்லாவிட்டால் ஐம்பது போதும். ஒன்றுக்கு இரண்டு விலையில் 300 வரும், 47 முறை ஜெயிக்க வேண்டும். ஒன்றுக்கு நான்கு என்றால் 500 வரும், 28 முறை. ஒன்றுக்கு ஆறு என்றால் 20 முறை.

பலகையில் நான்காம் எண் ஒன்றுக்கு நான்கு என்று நிற்கிறது. தேவை 28 சதவீதம், என் கணக்கு 35. கட்டலாம். பத்து நிமிடத்தில் ஆள்கள் கட்டிக்கட்டி அது ஒன்றுக்கு இரண்டரைக்கு இறங்கிவிட்டது. இப்போது ஜெயித்தால் வருவது 350, தேவை 40 சதவீதம். குதிரை அதேதான், என் கணிப்பும் அதேதான், ஆனால் கட்டக் கூடாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. கட்டாமல் விட்ட குதிரை ஜெயித்து வரும்போது வயிறு எரியும். எரியட்டும். அந்த விலைக்கு அப்படிப்பட்ட நூறு குதிரைகளை வாங்கினால் மொத்தத்தில் நஷ்டம்தான்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வரியோடு வருடம் முழுக்க ரேஸில் லாபம் பார்ப்பது அநேகமாக ஆகாத காரியம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி வேறு. தோற்ற பணத்தை அதில் கழிக்க முடியாது. குடும்பச் செலவுக்கு ரேஸை நம்பி வர நினைக்கிறவர் இந்த நூலை இங்கேயே மூடிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, தொலைந்தால் வீட்டில் யாருக்கும் ஒரு வேளைச் சாப்பாடுகூடக் குறையாத பணத்தோடு வந்து, மூளைக்கு வேலை கொடுத்து, அழகான விலங்குகளைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சீட்டு வகைகளில் நேரம் செலவழிக்க வேண்டாம். வின் என்றால் முதலாவது வர வேண்டும். பிளேஸ் என்றால் முதல் இரண்டு மூன்று இடங்களில் ஒன்று. எத்தனை குதிரை ஓடினால் எத்தனை இடம் என்பதை ரேஸ் புத்தகத்தில் பாருங்கள். குயினெல்லா என்றால் முதல் இரண்டையும் எந்த வரிசையிலும் சொல்லலாம், ஃபோர்காஸ்ட் என்றால் வந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும், டானாலா என்றால் முதல் மூன்றையும் வந்த வரிசையிலேயே. ஜாக்பாட் என்றால் தொடர்ந்து ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரைகளைச் சொல்ல வேண்டும். ஒரு ரேஸுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, பெருக்கினால் 24 சீட்டு. அதிலும் நீங்கள் கோடு போட்டுத் தள்ளிய ரேஸ்கள் கட்டாயம் இருக்கும். என் வழக்கம் வின் மட்டும்.

பணமும் சட்டமும்

பணத்தை வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட் முன்பே எடுத்தாக வேண்டும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு உறை. பந்தயத்துக்கு ஒரு உறை, அதற்குள் இரவு தேர்ந்த ரேஸ் எத்தனையோ அத்தனை சம பங்கு. ஒரு பங்கு போய்விட்டால் அடுத்ததை இரட்டிப்பாக்கக் கூடாது. ஏடிஎம் கார்டை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். கடன் வாங்கிக் கட்டவே கூடாது, கூட வந்த மச்சானிடம்கூட. கட்டாமல் இருக்க முடியவில்லை, வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற நிலை வந்தால், அடுத்த பயணத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மைதானத்துக்கு வெளியே, போனில் பந்தயம் வாங்குகிறவர்கள் நம் மாவட்டத்திலும் வந்து பேசுவார்கள். வரி இல்லை, கடனுக்குக் கட்டலாம் என்பார்கள். அது சட்ட விரோதம். பணம் வராவிட்டால் கேட்க இடமும் இல்லை. மைதானத்துக்குள் உரிமம் பெற்ற புக்கியிடமோ டோட் கவுண்டரிலோ கட்டுவது சட்டத்துக்கு உட்பட்டது. அந்தச் சட்ட நிலைக்கும் தமிழ்நாட்டு வழக்கொன்றே ஆதாரம். 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். இரண்டும் உச்ச நீதிமன்றம் போயின. 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரையின் திறன், பயிற்சி, எடை, தூரம், ஜாக்கி எல்லாவற்றையும் எடைபோட வேண்டியிருப்பதால் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது, வெறும் சூதாட்டம் அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன திறமையைப் பயன்படுத்தாமல், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன ‘ஷூர் டிப்’பை நம்பிக் கட்டுகிறவருக்கு அது சூதாட்டம்தான்.

டிப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. லாயத்திலிருந்து வந்தது என்று சொல்லப்படும் செய்தி உங்கள் காதுக்கு எட்டும்போது நூறு பேரைத் தாண்டி வந்திருக்கும். உண்மையாகவே இருந்தாலும் அதற்குள் விலை இறங்கியிருக்கும். இரவு எழுதிய தாளில் அந்தக் குதிரைக்கு என்ன சதவீதம் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதை மாற்றாதீர்கள்.

திரும்பும் வண்டி

பெங்களூரிலிருந்து சாயங்காலமே கிளம்பும் நாகர்கோவில் வண்டியைப் பிடிக்க வேண்டுமானால் கடைசி ரேஸ்களை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். அந்த வண்டிக்கே டிக்கெட் எடுங்கள் என்பது என் யோசனை. கடைசி ரேஸில் விட்டதைப் பிடிக்கும் ஆசையை டிக்கெட்டே தடுத்துவிடும். இல்லையென்றால் இரவில் கிளம்பும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ். பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் சுற்றி வருவதால் வீடு சேர நேரமாகும்.

வண்டியில் உட்கார்ந்ததும் குறிப்பேட்டைத் திறந்துவிடுங்கள். ஞாபகம் மறுநாளுக்கு இருக்காது. ஜெயித்தது யார் என்பதைக் கிளப் அச்சிட்டுவிடும், அதை எழுத வேண்டாம். தோற்ற குதிரைகளில் கண்ணில் பட்டதையும், நீங்கள் கட்டாமல் விட்டதையும் மட்டும் எழுதுங்கள். என் குறிப்பேட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: மூன்றாவது ரேஸ், ஆறாம் எண், 300 மீட்டரில் வழி அடைபட்டது, ஜாக்கி கடிவாளத்தை இழுக்க வேண்டியதாயிற்று, ஐந்தாவது வந்தது. ஐந்தாவது ரேஸ், இரண்டாம் எண், 1400 போதவில்லை, கோட்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது, 1800 வந்தால் பார்க்க வேண்டும். நான்காம் எண், ஒன்றுக்கு இரண்டரை, கட்டவில்லை, அரை நீளத்தில் ஜெயித்தது.